செவ்வாய்க்கிழமைத் துடைப்பம்

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த உதவியாளர் அவள். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன ஊரின் அங்கன்வாடி மையம் எங்களுடையது.

"அக்கா, மையத்துப் பின்பக்கம் பூரா சிமெண்ட் போட்டுடலாம்னு பேசிக்கிறாங்க. பூச்சி பொட்டு வராதாம். உங்களக் கேக்காம நான் எதுவும் சொல்றதா இல்ல. என்னா சொல்லட்டும்?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது. நான் படித்தது ஆறாவது வரை. தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். குழந்தைகளின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்துதான் என் கையெழுத்து ஒரு மாதிரி திருந்தியது. இதில் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்தியது என் மகள். மற்ற பிழைகள் எல்லாம் என்னுடையவை. அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

என் சுபாவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன். பத்தடி போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். சோறு வடித்த பிறகு அடுப்பில் தண்ணீர் தெளிப்பேன். அதன் மேல் கையை நீட்டிச் சூடு இருக்கிறதா என்றும் பார்ப்பேன். மையத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் அவர்களை எண்ணினேன் என்பதை யாராவது எண்ணியிருந்தால் தெரியும். சமையல், கூட்டுவது, கழுவுவது, பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டி வருவது, திரும்பக் கொண்டுபோய் விடுவது. இவ்வளவுதான் என் வேலை. பாடம் நடத்துவது டீச்சருடைய வேலை.

எமிலி டீச்சர் எங்கள் மையத்துக்கு வந்தது 2007-ல். சிதம்பரத்துக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். என்னைவிட இருபது வயதாவது இளையவர். ஒல்லியான ஆள். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பிள்ளையிடம் பேசினாலும் சரி, பிள்ளையின் தாத்தாவிடம் பேசினாலும் சரி, அவர்கள் கீழே உட்கார்ந்திருந்தால் இவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். யாராவது கோபமாகக் கேட்டால் உடனே பதில் வராது. பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடிப்பார், மூடுவார், அப்புறம்தான் பேசுவார். அதற்குள் கேட்டவருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

2008-ல் எங்கள் இருவரையும் சிதம்பரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் எங்களை ஒரு புங்கமரத்தடியில் உட்கார வைத்து, "அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது. இங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதுங்கள்" என்றார்கள். அரை மணி கழித்து ஒவ்வொருவரும் பன்னிரண்டு, பதினேழு என்று பெயர்கள் வாசித்தார்கள். என் தாளில் 'ஒரு நாய், ஒன்பது ஜோடி செருப்பு' என்று இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எமிலி டீச்சர் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "செருப்புக்கு அடியில பாத்தீங்களா சரோஜாம்மா?" என்றார். எழுந்து போய் என் செருப்பைத் தூக்கினேன். ஒரு சோற்றுப் பருக்கையைச் சுற்றி முப்பது நாற்பது எறும்பு. தாளில் எழுதிக்கொண்டேன். செருப்பை நாலு தரம் உதறிவிட்டுத்தான் மாட்டினேன்.

ஊருக்குத் திரும்பியதும் டீச்சர், "வாரா வாரம் புதன்கிழமை பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போறோம்" என்றார். அதுவரை எங்கள் சுவரில் ஒரு சார்ட் மாட்டியிருந்தது. சிங்கம் குகையில், கரடி காட்டில், பென்குயின் பனியில். பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள். டீச்சர் ஒரு நாள், "ஓணான் வீடு எங்க இருக்குது?" என்று கேட்டார். பின்பக்கத்து மரத்தில் தினமும் ஓணானைப் பார்க்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் சார்ட்டில் தேடினார்கள்.

எங்கள் மையத்தின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்வாசலை ஒட்டிப் பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து இருபது அடி வெறும் மண். அப்புறம் ஒரு பெரிய பூவரச மரம், அதன் கீழே கணுக்கால் உயரத்துக்குச் சருகு. அதற்கும் அந்தப் பக்கம் தாழம்புதர். அதையும் தாண்டினால் ஆற்றின் உப்பங்கழி. பிள்ளைகள் போகிற எல்லை பூவரசு வரைக்கும்தான்.

புதன்கிழமை முறை இதுதான். பத்தரை மணிக்குக் கிளம்ப வேண்டும். எல்லார் காலிலும் செருப்பு. முன்னால் இருக்கிற பிள்ளையின் தோளில் கை. முன்னால் டீச்சர், கடைசியில் நான். மரத்தடியில் வட்டமாகக் குந்த வேண்டும். டீச்சர் மனதுக்குள் நூறு எண்ணும் வரைக்கும் சத்தம் கூடாது. பிறகு டீச்சர் கூப்பிடுகிற பிள்ளை மட்டும் ஒரு இலையை, இரண்டு விரலால், ஓரத்தைப் பிடித்துத் தூக்கலாம். பார்க்கலாம். தொடக்கூடாது. பார்த்து முடித்ததும் இலை எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வைக்க வேண்டும். "வீட்டுக்காரங்க உள்ள இருக்காங்க, மூடி வெச்சிடு" என்பார் டீச்சர். பிள்ளைகளும் கோரஸாக "மூடி வெச்சிடு" என்பார்கள். திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவல். அதன் பிறகு 'நாங்கள் பார்த்தது' என்று அட்டை போட்ட நோட்டில் பிள்ளைகள் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுவார்.

முதல் வாரம் அந்த நோட்டில் பதினோரு பெயர் ஏறியது. மரவட்டை, நத்தை, சிலந்தி, கட்டெறும்பு, அரணை. சுபா என்று நாலு வயதுப் பெண், மீன்பிடிக்கிற குடும்பம், அம்மா பெயர் மகேஸ்வரி. அவள் தூக்கிய இலைக்கு அடியில் ஒரு தேரை இருந்தது.

"டீச்சர், தூங்கிக்கினு இருக்குது" என்று கிசுகிசுத்தாள்.

"அப்ப மூடி வெச்சிடு. எழுப்பாத."

அன்றைக்கு முழுக்க சுபா யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை. தேரை எழுந்துவிடுமாம். அம்மா வந்து கூப்பிட்டபோதுகூடக் கிசுகிசுத்தாள். "என்னா ஆயா, தொண்ட கட்டிக்கிச்சா இதுக்கு?" என்று கேட்டாள் மகேஸ்வரி.

ஆனால் அன்றைக்கு வேறு ஒன்றையும் நான் பார்த்தேன். சருகுக்கு நடுவில் ஒரு முழ நீளத்துக்குப் பாம்புச் சட்டை. டீச்சரும் பார்த்தார். "சாரையோடது போல. பழசு. இவ்ளோ பேரு சத்தத்துக்கு அது இந்தப் பக்கமே வராது" என்றார். எனக்கு அதற்கப்புறம் அதே நினைப்புதான். இருபத்திரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு ஏதாவது ஆனால்? டீச்சர் சிதம்பரம் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். அந்தப் பிள்ளையின் அம்மா முகத்தில் தினமும் விழிக்கப் போவது நான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்ப வந்தேன். ஈர்க்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பூவரச மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டினேன். கொம்பால் புதரை அடித்தேன். கண்ணில் பட்ட பொந்துகளில் பிளீச்சிங் பவுடர் போட்டேன். கூட்டிய சருகு வீணாகப் போவானேன், அடுப்புப் பற்ற வைக்க உதவுமே என்று முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து பின்வாசல் சுவரோரம், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் குவித்தேன். அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். பூட்டைக்கூட ஒரு தரம்தான் இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் டீச்சர் நூறு எண்ணும் வரை பிள்ளைகள் சத்தமில்லாமல் குந்தியிருந்தார்கள். மேலேயிருந்து புதிதாக விழுந்த நாலைந்து இலை இருந்தது, தூக்கினார்கள். ஒன்றும் இல்லை. நோட்டில் 'இன்று எதுவும் இல்லை' என்று எழுதினார் டீச்சர். அதற்கடுத்த செவ்வாயும் கூட்டினேன். அதற்கடுத்ததும். ஐந்து வாரம். நோட்டில் ஐந்து முறை 'எதுவும் இல்லை'. சுபா ஒவ்வொரு புதனும் அதே இடத்தில் போய்க் குந்துவாள்.

"டீச்சர், தேரை எங்க போச்சி?"

"தெரியலடா. தேடலாம்."

எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ டீச்சர் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "சரோஜாம்மா, இங்க யாராவது கூட்டுறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லியே டீச்சர். இங்க யாரு வந்து கூட்டப்போறா?" என்றேன். சொல்லிவிட்டுப் பிள்ளைகளை எண்ண ஆரம்பித்தேன்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வீல் என்று ஒரு சத்தம். ஓடினேன். சுபா சருகுக் குவியல் முன்னால் குந்தியிருக்கிறாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பூரான், சுவர் வெடிப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேரையைத் தேடியிருக்கிறாள். இரண்டு விரலால், ஓரத்தைப் பிடித்து, சொல்லிக் கொடுத்தபடியே இலையைத் தூக்கியிருக்கிறாள்.

டீச்சர் சோப்புத் தண்ணீரால் விரலைக் கழுவி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். மகேஸ்வரியை வரச்சொல்லி, மூன்று பேருமாக ஷேர் ஆட்டோவில் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மிச்சமுள்ள இருபத்தொரு பிள்ளைகளோடு நான். சோறு போட்டேன், எண்ணினேன், எண்ணினேன். நாலு மணிக்குத் திரும்பி வந்தார்கள். ஊசி போட்டு, கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். விரல் மட்டும் சின்னக் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. சுபா அதை எல்லாரிடமும் தூக்கிக் காட்டினாள்.

விரல் இரண்டு நாளில் வற்றிவிட்டது. ஊர்ப் பேச்சு வற்றவில்லை. "எலையத் தூக்கிப் பாருன்னு புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? டீச்சர்தானே?" அதில் பொய் இல்லை. சனிக்கிழமை சூப்பர்வைசர் மேடம் வருவதாகத் தகவல் வந்தது.

வெள்ளிக்கிழமை டீச்சர் சருகுக் குவியல் முன்னால் ரொம்ப நேரம் குந்தியிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இவ்ளோ எலை எப்ப வந்துச்சி சரோஜாம்மா?"

"காத்துல டீச்சர். மாசி காத்து ஜாஸ்தியா அடிக்குதில்ல."

அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். மூடினார். "நல்ல காத்து. சுவத்தோரமா வரிசையா குவிச்சிட்டுப் போயிருக்குது" என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

சனிக்கிழமை பதினைந்து பதினாறு தாய்மார்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மகேஸ்வரி முன்வரிசை, மடியில் சுபா. மேடம் நாற்காலியில். ஒரு தாளை டீச்சரிடம் நீட்டினார். 'எனது கவனக்குறைவால் குழந்தைக்குக் காயம் ஏற்பட்டது. இனி குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்லமாட்டேன்' என்று அதில் எழுதியிருந்ததைச் சத்தமாகவே வாசித்தார்.

"கையெழுத்துப் போடுங்க. இதோட முடிச்சிக்கலாம். இல்லன்னா மேல அனுப்ப வேண்டியிருக்கும்."

டீச்சர் தண்ணீர் குடித்தார். பேனாவை எடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால், ஒரு பார்வை பார்த்திருந்தால், 'என்னை மாட்டிவிடப் பார்க்கிறார்' என்று நான் வீம்பாக இருந்திருப்பேனோ என்னவோ. அவர் பாட்டுக்கு மூடியைக் கழற்றிப் பேனாவின் பின்பக்கம் செருகிக்கொண்டிருந்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இந்த வேலை ஒன்றுதான். அது போய்விடும் என்று தெரிந்தேதான் எழுந்து நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், அந்த எலைய அங்க கொண்டாந்து கொட்டுனது நான்தான். டீச்சருக்குத் தெரியாது. அவுங்க கேட்டாங்க, நான் இல்லன்னு பொய் சொன்னேன்."

நானே தொடர்ந்தேன். பாம்புச் சட்டை, செவ்வாய்க்கிழமை, துடைப்பம், பிளீச்சிங் பவுடர், எல்லாவற்றையும் சொன்னேன். "மரத்தடியில மொத நாளு பதினோரு உசுரு இருந்திச்சி. ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் ஆவல. நான் அதுங்க இடத்தக் கூட்டி அள்ளிட்டேன். அதுங்க எங்க போவும்? எலை வந்த எடத்துக்கே வந்திச்சிங்க. புள்ளைங்க கை கழுவுற தண்ணி பட்டு அங்க ஈரமா வேற இருந்திச்சி. பூரானுக்கு வாசப்படியில வூடு கட்டிக் குடுத்தது நான்."

மகேஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் ஆயா, வாரா வாரம் காட்டயே கூட்டிக்கினு இருந்தியா நீ?"

"ஆமாண்டி."

"எங்க ஊட்டு வாசல ஒரு நாளு கூட்டக் கூடாதா? இடுப்பு வலியில குனிய முடியாம கெடக்கறேன் நானு!"

பின்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் டீச்சரிடமிருந்து தாளை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை. குவியலை உடனே அகற்ற வேண்டும். வெளியே அழைத்துப் போவது பற்றி ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். புறப்படும்போது என்னிடம், "இத்தன நாளா பயந்தீங்களே, ஒரு தரம் டீச்சர்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?" என்றார்.

குவியலைக் கொளுத்திவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். டீச்சர் வேண்டாம் என்றார். "எடுத்த எடத்துலயே வெச்சிடலாம். பிள்ளைங்க பாக்கட்டும்."

திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் எல்லாரும் இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். சுபா அம்மா மடியில். நான் நீளக் கொம்பில் கவை கட்டி, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சருகை இழுத்து முறத்தில் தள்ளி, மரத்தடிக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். "ஆயா வூடு மாத்துது, ஆயா வூடு மாத்துது" என்று பிள்ளைகள் கூவினார்கள். மூன்று மரவட்டை வந்தது. நத்தை வந்தது. இன்னொரு பூரான் வந்தது. நான் முறத்தை விடவில்லை. கடைசியாக, அடியில், ஈரத்தில், அந்தத் தேரை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தது.

சுபா மடியிலிருந்து எழுந்துவிட்டாள். "டீச்சர்! இங்க வந்து தூங்குது!" என்று கத்தியவள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கிசுகிசுப்பாக, "அது வூட்ட யாரு எடுத்தா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

"நீ சாரி சொல்லு ஆயா."

இருபத்திரண்டு பிள்ளைகளும், டீச்சரும், மகேஸ்வரியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேரையைப் பார்த்து, "சாரி" என்றேன். என் சர்வீஸில் எத்தனையோ அதிகாரிகளிடம் சாரி சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் கேட்டுக்கொண்டதில்லை. அந்தத் தேரை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

அன்று மதியம் டீச்சர் எட்டுச் செங்கல் கொண்டுவரச் சொல்லி, பின்வாசலுக்கும் பூவரசுக்கும் நடுவில் வரிசையாகப் பதிக்க வைத்தார். "செங்கல்லுக்கு இந்தப் பக்கம் நம்ம வீடு. இங்க நீங்க தெனம் கூட்டுங்க, ஒரு எலை இருக்கக்கூடாது. அந்தப் பக்கம் அவங்க வீடு. அங்க துடைப்பம் போவக்கூடாது." ஒரு மாதம் கழித்து மேடம் வந்தார். நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டோம். 2011-ல் டீச்சருக்குச் சிதம்பரத்துக்கே மாற்றல் வந்தது. மேடம் கையெழுத்துப் போட்டதிலிருந்து அதுவரை ஒரு புதன்கிழமைகூட விடவில்லை, மழை நாட்களைத் தவிர. அவருக்குப் பின் வந்த டீச்சர்களும் அதைத் தொடர்ந்தார்கள். நான் இந்த வருஷம் ஓய்வு பெறும்போது மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. பயம் போயிற்றா என்று கேட்டால் போகவில்லை. கடைசிப் புதன்கிழமை வரைக்கும் வரிசையின் பின்னால் பிள்ளைகளை எண்ணிக்கொண்டேதான் நடந்தேன்.

இதையெல்லாம் எழுதி, மகளிடம் கொடுத்துத் திருத்தி வாங்கி, ரேவதிக்குப் போனில் படித்துக் காட்டினேன். சிமெண்ட் பற்றிச் சுருக்கமாகவே சொன்னேன்: "செங்கல்லுக்கு இந்தப் பக்கம் போட்டுக்கட்டும். தொட்டிகிட்ட ஈரம் தங்காது, நல்லதுதான். அந்தப் பக்கம் வேணாம்னு சொல்லு. ஏன்னு கேட்டா நான் அனுப்புற இந்தத் தாளக் குடு."

சரி என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? திட்டக்கூடாது. புதன்கிழம வந்தாலே எனக்குப் பகீர்னு இருக்குது. செவ்வாக்கிழம சாயந்தரம் நான் மட்டும் ஒரு தரம் மரத்தடிக்குப் போயிப் பாத்துட்டு வந்துடட்டுமா?"

"போ. நல்லாப் பாரு" என்றேன். "தொடப்பத்த மட்டும் எடுத்துக்கினு போவாத."